கயிறு பிடித்த வகையில் ஓய்வூதியம்

கயிறு திரிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. அந்தமானின் லாங் ஐலண்ட் ஜெட்டியில் ஒரே ஒரு தடவை கயிறு பிடித்ததற்காக எங்கள் முத்துவீரன் ஓய்வூதியக்காரர் ஆனார். எனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம் வரும். மெயின்லேண்டிலிருந்து வரும் தக்காளியை அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, அப்புறமும் நம்பமாட்டேன். அப்படிப்பட்ட நான் என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் சந்திரமோகன். ஜெட்டியை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை முத்துவீரனுடையது, இட்லிக் கடை. அவருடைய அப்பா சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். முத்துவீரன் அங்கிருந்து மரக் கம்பெனி வேலைக்கு இங்கே வந்தார். கம்பெனி நின்றபோது ஊரை விட்டுப் போகாமல் இட்லிக் கடை போட்டார். இட்லி அவிப்பது அவர் மனைவி ஒச்சம்மா. சட்னியில் தண்ணீர் ஊற்றுவது மட்டும் முத்துவீரன்.

எங்கள் ஊருக்கு எல்லாமே போட்டுதான், படகைத்தான் சொல்கிறேன். போட்டு வந்தால்தான் அரிசி, போட்டு வந்தால்தான் கல்யாண மாப்பிள்ளை, போட்டு வந்தால்தான் கேதத்துக்கு ஆள். அந்தப் போட்டு கரை சேர ஒரு கயிறு வேண்டும். போட்டிலிருந்து ஒருவன் வீசுவான். ஜெட்டியில் ஒருவன் பிடித்து இரும்புக் குத்தியில் சுற்றுவான். அவ்வளவுதான் விஷயம், எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

இந்த விஷயத்தைக் கவனிக்கப் போர்ட் பிளேயரில் தீவுப் படித்துறைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. அதன் சார்பில் எங்கள் ஜெட்டியில் கயிறு எதிர்நோக்குநர் ஒருவர், கயிறு வாங்குநர் ஒருவர், கயிறு சுற்றுநர் ஒருவர் உண்டு. வந்தது கயிறுதானா என்று பார்க்க மேற்பார்வையாளர் ஒருவர். பதவிப் பெயர்கள் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கின்றன, நான் நம் பாஷையில் சொல்கிறேன். அங்கே இன்னும் கம்பீரமாக இருக்கும். இவர்களுக்குச் சம்பளம் போகக் கடல் காற்றுப் படி, உப்புத் துருப் படி, மெயின்லேண்ட் ஏக்கப் படி. போட்டு தாமதமானால் காத்திருப்புப் படி, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் அதிர்ச்சிப் படி, வராமலே போனால் மனச்சோர்வுப் படி. இதற்கெல்லாம் ஜெட்டிக் கடைக்காரர்களாகிய நாங்கள் படித்துறை மேன்மை வரி கட்டுகிறோம். கட்டாவிட்டால் கடைக்குப் பூட்டு விழும்.

கயிறு வாங்குநர் சுதாகர். தன்மையான மனிதர், கையில் எப்போதும் கைக்குட்டை வைத்திருப்பார். ஆனால் உண்மையில் கயிற்றைப் பிடிக்கிறவன் நாகராஜ் என்கிற தினக்கூலி. நாகராஜ் பிடித்து, இழுத்து, சுற்றி, முடிச்சும் போட்ட பிறகு சுதாகர் நடந்து வந்து முடிச்சை ஒரு விரலால் தொட்டு, "டீக் ஹை" என்பார், சரியாக இருக்கிறதாம். அத்தோடு அன்றைய அலுவல் முடிந்தது. உள்ளங்கை உரசல் படி என்று ஒன்று உண்டு. படி சுதாகருக்கு, உரசல் நாகராஜுக்கு.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், மெயின்லேண்டிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி வந்து சுதாகரோடு கைகுலுக்கித் தொலைத்தார். குலுக்கிய கையை விடாமல் திருப்பித் தடவிப் பார்த்தார். இவ்வளவு பூப்போன்ற உள்ளங்கையைப் பிரசவ வார்டில் மட்டுமே கண்டிருப்பதாக அறிக்கையில் எழுதிவிட்டாராம். உரசல் படி நின்றது.

விடுவாரா ராஜமாணிக்கம்? படித்துறை ஊழியர் மகா சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் அவர். போர்ட் பிளேயர் கராச்சர்மாவில் மாடி வீடு. சங்கப் பணிக்காகக் கயிற்றுப் பணியிலிருந்து முழு விலக்கும் அதற்கு முழுச் சம்பளமும் பெற்றவர். அவர் கைகட்டும் போராட்டம் அறிவித்தார். போட்டு வரும் நேரத்தில் ஊழியர்கள் சீருடையோடு ஜெட்டியில் ஆஜராவார்கள், ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். ஆஜரானபடியால் சம்பளம் உண்டு. நாகராஜை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "கயித்தத் தொட்டேன்னு வச்சுக்கோ, பர்மனென்ட்டு ஆகுற ஆசைய விட்டுரு" என்றார்கள். அவனும் கட்டிக்கொண்டான்.

போராட்டம் தொடங்கிய அன்றைக்குத்தான் ஒச்சம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் முடித்து, மகள் புஷ்பா போர்ட் பிளேயர் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் தன் வீட்டில் வைத்துப் பார்த்து, போட்டில் ஏற்றி அனுப்பியிருந்தாள். வலது கண்ணில் கட்டு, இடது கண்ணில் மூடுபனி. மழை வேறு சடசடவென்று பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, உடம்பு குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்டை அலை தூக்கித் தூக்கிப் போட்டது.

போட்டுக்காரன் கயிறு வீசினான். கயிறு ஜெட்டியில் விழுந்து, நாலு பேர் காலடியில் கிடந்து, அப்படியே வழுக்கிக் கடலுக்குப் போனது. மறுபடி வீசினான், மறுபடியும் போனது. அவன் குதித்து வந்து கட்டமாட்டான், ஏனென்றால் வீசுவது ஒரு துறை, பிடிப்பது வேறு துறை. போட்டை ஓட்டும் மாஸ்டர் மைக்கில், "ரஸ்ஸா பகடோ பாய், நை தோ ஹம் வாபஸ் ஜாயேகா" என்றார். கயிற்றைப் பிடிக்காவிட்டால் போட்டு திரும்பிவிடும்.

முத்துவீரன் கடைக்குள்ளிருந்து ஓடி வந்ததை நான் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய மனுஷன், லுங்கியை மடித்துக் கட்டவும் நேரமில்லாமல், சுதாகரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, கடலுக்கு வழுக்கப் போன கயிற்றைத் தாவிப் பிடித்தார். உள்ளங்கை உரிந்தது. பிடித்த பிடியை விடவில்லை. குத்தியில் சுற்றிவிட்டு, போட்டுக்குள் இறங்கி, ஒச்சம்மா தலையில் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திக் கூட்டிவந்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

சுதாகர் மட்டும் கட்டிய கையை அவிழ்க்காமல், "முத்துவீரண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒச்சம்மா என்னிடம் சொன்னாள்: "அவரு தாவுனத நான் பாக்கலேண்ணே. சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. இத்தன வருஷத்துல எனக்காக ஒரு தடவ தாவியிருக்காரு, அதையும் பாக்கக் குடுத்து வைக்கல."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஏக்கமும் வந்தது. "ரெண்டாவது கண்ணுக்குப் போயிட்டு வரப்ப பாத்துக்கலாம் போ" என்று நானும் கேலி செய்தேன்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு வந்தது. வெளியாள் கயிற்றைத் தொட்டது கழகத்தின் வரலாற்றிலேயே கிடையாதாம். குழுத் தலைவி துணை மேலாளர் உமா மகேஸ்வரி மேடம். அவர்கள் வந்த போட்டுக்கும் கயிறு பிடிக்க வேண்டுமே. விசாரணை நடப்பது ஊழியர் நலனுக்காக என்பதால் சம்மேளனம் பெருந்தன்மையோடு போராட்டத்துக்கு ஒரு மணி நேர விடுமுறை கொடுத்தது. கைகட்டாமல் இருந்த அந்த ஒரு மணிக்குக் கூடுதல் நேரப் படி கேட்டிருப்பதாகக் கேள்வி.

முத்துவீரன் கடையிலேயே விசாரணை. குழு முதலில் இட்லி சாப்பிட்டது. பிறகு மேடம் கேட்டார், "கயிறு உங்களை நோக்கி வந்தப்ப உங்க மனநிலை என்ன?"

"எம் பொஞ்சாதி நனையிறாளேன்னு இருந்துச்சு மேடம்."

"அது குடும்ப மனநிலை. கயிறு சம்பந்தமா என்ன மனநிலை?"

முத்துவீரன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எந்தக் கை முதல்ல தொட்டது?"

"ரெண்டு கையும் ஒண்ணாத்தாங்க."

மேடம் பேனாவை வைத்துவிட்டார். "ரெண்டு கையாலயா? எங்க ஊழியர் சட்டம் எதுலயும் ரெண்டு கையையும் ஒரே சமயத்துல உபயோகிக்கணும்னு இல்லையே."

நிலைமை முற்றியது. குழு தனியாகப் போய் என் கடை வாசலில் நின்று பேசியது. என் கடையில் கதவு கிடையாது, ஷட்டர்தான். அதனால் எல்லாமே காதில் விழுந்தது. மேடம் சொன்னார்: "நல்லா யோசிங்க. வெளியாள் ஒருத்தர் கயிறு பிடிச்சார், போட்டு பத்திரமா நின்னுச்சுன்னு நான் எழுதினா என்ன அர்த்தம்? கயிறு பிடிக்க யார் வேணா போதும்னு அர்த்தம். அப்ப இந்த நாலு பேர் எதுக்குன்னு மெயின்லேண்ட்ல கேப்பாங்க. இவங்க எதுக்குன்னு கேட்டா, இவங்களைப் பாத்துக்கிற நான் எதுக்குன்னும் கேப்பாங்க. அப்புறம் கழகமே எதுக்குன்னு ஆயிடும். நாட்டுக்கு இது நல்லதில்லை."

குழுவில் இருந்த இன்னொருவர், "அப்ப போட்டு நிக்கவே இல்லைன்னு எழுதிடலாமா மேடம்?" என்றார்.

"பயணிகள் இறங்கிட்டாங்களே, முட்டாள்."

கடைசியில் வழி கண்டுபிடித்தது ராஜமாணிக்கம்தான். போனில் சொன்னார், ஸ்பீக்கரில் போட்டார்கள். கயிற்றை ஊழியர் மட்டுமே பிடிக்க முடியும், அது சட்டம். முத்துவீரன் கயிற்றைப் பிடித்திருக்கிறார், அது உண்மை. ஆகவே பிடித்த அந்த நேரத்தில் முத்துவீரன் ஊழியராக இருந்திருக்க வேண்டும். வேறு எப்படியும் அது நடந்திருக்க முடியாது.

"அவருக்கு வயசு தாண்டிடுச்சே சார்" என்றார் மேடம்.

"அதனால என்னங்க, பிடிச்ச உடனே ஓய்வு பெற்றதா வச்சுப்போம். ஓய்வுன்னு வந்துட்டா ஓய்வூதியம் வரும். உரிமையை நாம விட்டுக்கொடுக்க முடியாது. அவர் கையில உரசல் இருக்கா பாருங்க."

இருந்தது. புண் இன்னும் ஆறவில்லை. தணிக்கைக்குக் காட்ட சம்மேளனத்திடம் முதன்முறையாக ஒரு உரிந்த உள்ளங்கை கிடைத்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு குழு போட்டில் ஏறியது.

முத்துவீரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சந்திரண்ணே, சும்மா எவனாச்சும் குடுப்பானா? இதுல என்னமோ இருக்கு" என்றார்.

"கண்டிப்பா இருக்கு. எதுலயும் கைநாட்டு வச்சிராத" என்றேன்.

பிரிவு உபசார விழா ஜெட்டியில் பந்தல் போட்டு நடந்தது. எங்கள் ஊரில் ஒருவரோடொருவர் பேசாத அண்ணன் தம்பியும் அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள், பிரியாணி உண்டு என்று செய்தி பரவியிருந்தது. முத்துவீரனுக்குச் சந்தன மாலை, ஜரிகைச் சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்தை வாங்கியவுடன் அவர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, பேட்டரியும் இல்லை.

ராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்தார். குரல் என்றால் குரல், ஹேவ்லாக் தீவு வரை கேட்டிருக்கும்.

"தோழர் முத்துவீரன் தன்னுடைய பணிக்காலம் முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. அவர் மீது ஒரு புகாரும் வந்ததில்லை. அவர் பணியிலிருந்த காலத்தில் கரை சேராமல் திரும்பிய படகு ஒன்று உண்டா? இல்லை. இப்படிப்பட்ட ஊழியரை நாம் இனிமேல் பார்க்கப்போவதில்லை."

இதில் எதையும் பொய் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சிலர் கேட்கிறார்கள், ஒரு கயிற்றுக்கு எதற்கு நாலு பேர் என்று. தோழர்களே, கயிறு பிடிப்பது ஒரு வேலையா? அதை எவனும் செய்வான். கயிறு பிடிக்கத் தயாராக இருப்பதுதான் வேலை. நாங்கள் இருபத்துநாலு மணி நேரமும் தயாராக இருக்கிறோம். தூக்கத்தில் தயாராக இருக்கிறோம். மெயின்லேண்டுக்கு லீவில் போனாலும் அங்கே தயாராக இருக்கிறோம். இந்தத் தியாகத்துக்கு இந்தச் சம்பளம் போதுமா?"

"போதாது" என்றார் சுதாகர். கையைப் பின்னால் கட்டியிருந்ததால் கைதட்ட முடியவில்லை.

"பொதுமக்கள் வரி கட்டுகிறார்கள். ஏன் கட்டுகிறார்கள்? எங்கள் மேல் வைத்திருக்கிற பாசத்தால். கட்டாவிட்டால் பூட்டுப் போடுகிறோமே, அதுவும் பாசம்தான். பிள்ளை தப்புச் செய்தால் அடிக்கிறதில்லையா?"

அடுத்து மேடம் பேசினார். சிக்கனத்தில் கழகம் எவ்வளவு அக்கறையாக இருக்கிறது என்று விளக்கினார். சிக்கனத்துக்காகவே தனிப் பிரிவு திறந்திருக்கிறார்களாம், அதில் இப்போது ஆள் பற்றாக்குறையாம். பேச்சு முடிவதற்குள் பிரியாணி ஆறிப்போனது.

விழா முடிந்த மறுவாரம் என் கடைச் சுவரில் கழகத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. புதிதாக ஓர் ஓய்வூதியர் சேர்ந்துள்ளபடியால் ஏற்படும் சுமையை முன்னிட்டு லாங் ஐலண்ட் ஜெட்டிக் கடைகளுக்கு மேன்மை வரி உயர்த்தப்படுகிறது. முத்துவீரன் கடைச் சுவரிலும் அதே அறிவிப்பு. தன் ஓய்வூதியத்துக்குத் தானே வரி கட்ட வேண்டும். அது போதாததற்கு நானும் கட்ட வேண்டும். நான் புளியும் மிளகாயும் விற்று முத்துவீரனுக்குப் படியளக்கிறேன். வயிறு எரியாதா?

"நானா கேட்டேன் சந்திரண்ணே?" என்றார்.

"கேக்கல. வேணாம்னும் சொல்லல."

முன்பெல்லாம் எனக்கு அவர் கொடுத்து வந்த கடைசி ரெண்டு இட்லியை அன்றைக்குக் கொடுக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு தடவை பிடித்தால் காலம் பூராவும் சோறு என்று செய்தி போனது. அடுத்த போட்டுக்கு ஜெட்டியில் தேர்க் கூட்டம். பள்ளிக்கூட வாத்தியார் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி வந்தார். பஞ்சாயத்துக்காரர் மாமியாரோடு வந்தார். கயிறு வீசப்பட்டதும் அத்தனை பேரும் அதன்மேல் விழுந்தார்கள். ரெண்டு பேர் கடலில் விழுந்தார்கள், கயிறு பிய்ந்தது, போட்டு ஜெட்டியில் முட்டியது. இதைப் பார்த்த சம்மேளனத்துக்குத் தன் சொத்து சூறைபோவது போல் இருந்தது. உடனே, உள்ளங்கைப் படத்துக்குத் தணிக்கையின் பதில் வரும்வரை போராட்டத்தை நிறுத்திவைத்து, கழகத்தை அமுக்கிப் புது விதி வாங்கினார்கள். இனிமேல் வெளியாள் எவன் கயிற்றைத் தொட்டாலும் போலீஸ் கேஸ். ஓய்வு பெற்றவர் தொட்டால் கேஸ் இல்லை, ஆனால் அவர் ஓய்வில் இல்லை என்று அர்த்தம். ஓய்வில் இல்லாதவருக்கு ஓய்வூதியம் கிடையாது.

இந்த விதியை முத்துவீரனிடம் வாசித்துக் காட்டியது நான்தான். அவர் மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் தன் கையை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டார்.

அதிலிருந்து ஆள் மாறிப்போனார். போட்டு வரும் நேரத்தில் சால்வையைப் போட்டுக்கொண்டு ஜெட்டியில் போய் நிற்பார், கை இரண்டும் பின்னால் இருக்கும். கயிற்றிலிருந்து தள்ளியே நிற்பார். கடையில் தண்ணீர் வாளிக்குக் கட்டியிருந்த கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டு, வாளியை ஒச்சம்மாவைத் தூக்கச் சொன்னார். என்னைப் பார்த்தாலே சந்தேகம். "நீங்க ஏதும் மொட்டக் கடுதாசி போட்டுடலையே சந்திரண்ணே?" என்று ஒரு நாள் கேட்டார். சந்தேகப்படுவது என் வேலை, அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

"கழகம் சும்மா குடுக்காதுன்னு சொன்னியே, இப்ப நம்புறியா?" என்றேன்.

"வந்தது போயிருமோன்னு இருக்குண்ணே. இத்தன வயசுக்கு எனக்கு யாரும் சும்மா ஒண்ணும் குடுத்ததில்ல. ரப்பர் தோட்டத்துலயும் இல்ல, மரக் கம்பெனியிலயும் இல்ல. இப்பத்தான் ஒண்ணு வந்திருக்கு. அத எப்படி விடுறது, சொல்லுங்க" என்றார்.

கோபம் இருந்த இடத்தில் எனக்குப் பாவமாகிவிட்டது. அதற்குமேல் நான் அவரைச் சீண்டவில்லை.

ஒச்சம்மாவுக்கு இடது கண் ஆபரேஷனுக்கு நாள் வந்தது. முத்துவீரன் அவளோடு போகவில்லை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கக் கழகத்திலிருந்து எந்த நாளும் ஆள் வரலாமாம். வரும்போது ஆள் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளப்படுமாம். கடைக்குச் சரக்கு எடுக்க நான் போர்ட் பிளேயர் போகிற வேலை இருந்தது, என்னோடு அனுப்பினார். புஷ்பா ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். ஆபரேஷன் முடிந்து, சரக்கும் ஏற்றி, நானும் ஒச்சம்மாவும் ஊர்ப் போட்டு ஏறினோம்.

இந்தத் தடவை இடது கண்ணில் கட்டு. வலது கண் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வழியெல்லாம் அவள், அந்தா தீவு, இந்தா மீன் குதிக்குது என்று காட்டிக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷமாகப் பார்த்த கடலை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஊர் நெருங்கியதும் எழுந்து கம்பி ஓரமாகப் போய் நின்றாள்.

"உக்காரும்மா, ஆடுது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"இருக்கட்டும்ணே. இந்தத் தடவையாச்சும் பாத்துரணும்" என்றாள்.

எதைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

மழை பிடித்தது. ஜெட்டி தெரிந்தது. சீருடைகள் வரிசையாக நின்றன, எல்லாக் கையும் பின்னால். முத்துவீரனின் உள்ளங்கைப் படத்தைத் தணிக்கை ஏற்கவில்லையாம். அது ஓய்வு பெற்றவரின் கை என்று திருப்பி அனுப்பிவிட்டதாம். போராட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது. நாங்கள் போட்டில் இருந்ததால் எங்களுக்குத்தான் தெரியவில்லை. நாகராஜும் கையைக் கட்டி நின்றான், அவனுக்கு இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. அவனுக்குப் பின்னால் ஊர், கேஸுக்குப் பயந்து அத்தனை பேரும் கைகட்டி நின்றார்கள். வரிசைக்கு முன்னால் ஜரிகைச் சால்வையில் முத்துவீரன்.

"அந்தா நிக்கிறாரு" என்றாள் ஒச்சம்மா. கையைத் தூக்கி ஆட்டினாள்.

கயிறு பறந்து போய் ஜெட்டியில் விழுந்தது. யாரும் அசையவில்லை. வழுக்கிக் கடலுக்கு வந்தது. மாஸ்டர் மைக்கில் கத்த ஆரம்பித்தார். மறுபடி கயிறு போனது. இந்தத் தடவை நேராக முத்துவீரன் காலடியில், அவர் செருப்பின் மேலேயே விழுந்து கிடந்தது. குனிந்தால் போதும்.

முத்துவீரன் கயிற்றைப் பார்த்தார். தலையைத் தூக்கிப் போட்டைப் பார்த்தார். மழையில் நனைகிற கட்டுக் கண்ணைப் பார்த்திருப்பார், அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தோம். அவர் தோள் ஒரு தடவை முன்னால் வந்தது. நான்கூட, "பிடிடா முத்துவீரா" என்று கத்தினேன். அப்போது சுதாகர் அவரை ஒரு பார்வை பார்த்தார், வேறொன்றும் செய்யவில்லை. வந்த தோள் திரும்பப் பின்னால் போனது. கயிறு அவர் செருப்பை உரசிக்கொண்டு மெதுவாக நகர்ந்து கடலில் இறங்கியது.

போட்டு இஞ்சினை ரிவர்ஸுக்கு மாற்றித் திரும்பத் தொடங்கியது. நான் என் துண்டை எடுத்து ஒச்சம்மா தலையில் போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒருவேளை அவனுக்குச் சரியாத் தெரியலையோ என்னமோ, மழை" என்றேன்.

அவள் கம்பியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவருக்கும் தெரிஞ்சிச்சுண்ணே, எனக்கும் தெரிஞ்சிச்சு" என்றாள். "டாக்டரு நல்லாத்தான் பண்ணியிருக்காரு."

கரையில் முத்துவீரன் நனையாமல் இருக்கச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.